ஒரே நாளில் இரண்டு மொட்டை

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை. பிளஸ் டூ பையன்கள் வரிசையில் ஒரு தலை மட்டும் மஞ்சளாகப் பளபளத்தது. கதிர் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்திருந்தான். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்த கையோடு பின்னால் நின்றவன் அந்தத் தலையில் ஒரு தட்டு தட்டினான். கதிர் திரும்பி முறைத்தான். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சமயபுரமாடா?" என்று பி.டி. சார் கேட்டார்.

"ஆமா சார். அப்பாவுக்கு வேண்டிக்கிட்டது."

"நல்லது. வெயிலுக்கும் நல்லது" என்று சொல்லி, அவர் பங்குக்கு அவரும் அந்தத் தலையைத் தடவிவிட்டுப் போனார். முதல் பீரியட் முடிவதற்குள் எல்லோருக்கும் அந்த மொட்டை பழகிவிட்டது.

நான் பெண்கள் வரிசையைப் பார்த்தேன். கதிரோடு இரட்டையாகப் பிறந்தவள் கோகிலா. அதே வகுப்புதான். அவள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. காய்ச்சல் அடித்தாலும் வந்து கடைசி பெஞ்சில் படுத்துக்கொள்கிற பெண் அவள். லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை.

"எங்கடா அவ?"

கதிர் தரையைப் பார்த்தான். "அவளும் மொட்டை போட்டுட்டா மிஸ். அதான் வரல."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர்கள் அம்மாவின் மேல்தான். பதினேழு வயதுப் பெண்ணை உட்கார வைத்து மழித்துவிட்டார்களே என்று அன்று முழுவதும் மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

நான் விலங்கியல் டீச்சர். தென்னூர்ப் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் வேலை. இனப்பெருக்க மண்டலம் பாடம் வந்தால், "வீட்டுல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் தள்ளாமல் நடத்துகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால், வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று வந்தபோது, யாரும் யோசிக்கவே இல்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். பாதி வகுப்புக்குக் கண் கடிகாரத்தில் இருக்கும்.

போர்டில் இரண்டு ஆள் படம் வரைவேன். ஒன்று ஆண், ஒன்று பெண். ஊர் இந்த உடம்புகளிடம் என்னவெல்லாம் எதிர்பார்க்கிறது என்று பிள்ளைகள் வந்து எழுத வேண்டும். இந்த மொட்டைக்குச் சில வாரம் முன்பு நடந்த வகுப்பில், ஆண் படத்தில் உயரம், மீசை, தோள் என்று எழுதினார்கள். ஒருவன் எழுந்து வந்து "குரல்" என்று எழுதிவிட்டு வேகமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு இன்னும் குரல் உடையவில்லை. நல்லவேளையாக அன்று யாரும் சிரிக்கவில்லை.

பெண் படத்தில் இடம் போதவில்லை. நிறம், பல், இடுப்பு, உதட்டு மேல் முடி, நடை. "சத்தமாச் சிரிக்கக் கூடாது" என்று ஒருத்தி எழுதினாள்.

"அது எப்படி மிஸ் உடம்புல வரும்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நீ சிரிக்கிறது எதால?" என்றாள் அவள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

கோகிலா எழுதியது "முடி". அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. பள்ளி விதிப்படி இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டினால் இரண்டு பக்கமும் தாம்புக் கயிறுபோல் கனக்கும். "எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க மிஸ். எனக்குக் கழுத்து வலிதான்" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கும் ஒரு முடிக் கதை உண்டு

இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எலிவால் சடை. சின்ன வயதில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி என்று என் தலையில் அரைத்துப் பூசாத இலை இல்லை. ஸ்ரீரங்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அம்மா ஒரு சவுரியை வாங்கி வந்து என் சடையோடு வைத்துப் பின்னிவிட்டாள். சவுரி யார் தலையிலோ வளர்ந்த முடி. ஒரு மணி நேரம் நான் யாரோ ஒருத்தியின் முடியோடு உட்கார்ந்து கேசரி கொடுத்தேன்.

பிள்ளையின் அத்தை பூ வைத்துவிடுகிற சாக்கில் சடையைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் நெருடினாள். மறுநாள் தரகர் மூலம் செய்தி வந்தது: பெண் லட்சணம்தான், முடியில்தான் அவர்களுக்கு மனசு ஒப்பவில்லையாம்.

பிறகு வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டேன். கல்யாணத்தன்றே அவருக்கு முன்பக்கம் வழுக்கை. எங்கள் வீட்டில் அதை யாரும் குனிந்து பார்க்கவுமில்லை, நெருடிப் பார்க்கவுமில்லை.

கோகிலா விஷயத்தை நான் வீட்டில் சொன்னபோது என் நாத்தனார் பதறிவிட்டார். "கன்யாப் பொண்ணுக்கு மொட்டையா? எம்பெருமானே!" என்று தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் வருஷா வருஷம் திருமலையில் முடி கொடுக்கிறவர். அப்போதெல்லாம் நாத்தனார் கூடவே நின்று, "க்ஷேமமா ஆச்சு" என்று மகிழ்ந்துபோவார்.

பன்னீர்த் தட்டு

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கும்போது வாசலில் நாலைந்து பெண்கள் பட்டுக் கட்டிக்கொண்டு பன்னீர்ச் செம்பு, சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நிற்பார்களே, அது எங்கள் பள்ளியிலும் உண்டு. யார் நிற்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். சிவப்பாக, ஒல்லியாக, முடி நீளமாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் நான் இதற்குச் சண்டை போடுவேன். வருஷா வருஷம் தோற்பேன்.

கோகிலா கறுப்பு. இந்த வருஷம் அவளை முதல் ஆளாக நிறுத்தினார்கள் என்றால் அந்த முடிக்காகத்தான். முடியைப் பார்த்து நிறத்தை மன்னித்துவிட்டார்கள்.

மொட்டை விஷயம் தெரிந்ததும் ஸ்டாஃப் ரூமில் அதே பேச்சு. "அப்ப ரிப்பன் எங்க கட்டுவா?" என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். கதிரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குப் பசி என்றால் தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுக்கிற அம்மாள். "அவங்க அம்மா போன் பண்ணாங்க டீச்சர். பாவம், அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கே வர மாட்டேங்குதாம். பிராக்டிகலும் வேணாம், பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்னு சொல்லுதாம்."

இரட்டையில் ஒருவன் கல்லூரிக்குப் போவான், இன்னொருத்தி வீட்டில் உட்கார்ந்து முடி வளர்ப்பாள். விவசாயக் குடும்பத்தில் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண் மறுபடி புத்தகத்தை எடுப்பதற்குள் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"தட்டு பிடிக்க வேற பொண்ணைப் போட்டாச்சு" என்றார் ஹெச்.எம். "பிராக்டிகலுக்காவது வரச் சொல்லுங்க. தலையில எதையாவது கட்டிக்கட்டும். நம்ம ஷஹானா கட்டுறாளே, அந்த மாதிரி."

ஷஹானா கோகிலாவின் பெஞ்ச் தோழி. அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ரெக்கார்டு நோட்டுக் கட்டோடு வாசலில் நின்றவள் காதில் இது விழுந்திருக்கிறது. வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள்.

"மிஸ், நான் கட்டுறது எனக்குப் புடிச்சுக் கட்டுறது. அல்லாவுக்கும் எனக்கும் உள்ளது. அவ கட்டினா மத்தவங்களுக்குப் பயந்து கட்டுறதா ஆயிடும். ரெண்டும் ஒண்ணா மிஸ்?"

"இல்லம்மா" என்றேன்.

"அவளுக்கு நான் போன் பண்ணினேன். எடுக்கவே மாட்டேங்குறா. நீங்க போய்ப் பாருங்க மிஸ்."

லால்குடி ரோட்டில்

சனிக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டில் இறங்கி, லால்குடி பஸ் பிடித்தேன். வழியெல்லாம் வாழைத்தோட்டம். அந்த அம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். உங்கள் வேண்டுதலுக்கு உங்கள் தலை இல்லையா என்பது அதில் முதல் கேள்வி.

ஸ்டாப்பில் கதிர் நின்றிருந்தான். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவன் அம்மா பாயை விரித்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் டீச்சர். பொம்பளப் புள்ளைக்குப் பூமுடி போதும்டி, நுனியில மூணு விரக்கடை வெட்டிக் குடுத்தா ஆத்தா ஏத்துக்குவான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். முடி எடுக்குற அண்ணன்கூட ரெண்டு தடவை கேட்டாரு. கேக்கலையே இவ. முழுசா எடுங்கன்னு போயி உக்காந்துட்டா."

நான் கொண்டுபோன கேள்வி ஒன்றும் இனித் தேவைப்படவில்லை. எழுந்து உள் அறைக்குப் போனேன்.

கோகிலா தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. காதுகள் பெரிதாகத் தெரிந்தன.

"நீயாத்தான் வேண்டிக்கிட்டியா?"

"ஆமா மிஸ். தில்லை நகர் ஆஸ்பத்திரில, அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப. பொழைக்கிறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. கதிர் மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டான். நானும் வேண்டிக்கிட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவன் முழுசாக் குடுப்பான், நான் மட்டும் நுனியை வெட்டிக் குடுக்கணுமா? எனக்கு மட்டும் பாதி அப்பாவா மிஸ்?"

அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏம்மா ஸ்கூலுக்கு வரல? பசங்க கிண்டல் பண்ணுவாங்கன்னா?"

"பண்ணட்டும் மிஸ். கதிரைப் பண்ணலையா? தட்டு போனாலும் போகட்டும். அதுக்கில்ல." துண்டின் நுனியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு உடைந்துபோனாள். "அப்பா என்னையப் பாக்க மாட்டேங்குறாரு."

சமயபுரத்திலிருந்து திரும்பி வந்ததும் இருவரும் அப்பாவின் கட்டில் பக்கம் போயிருக்கிறார்கள். கதிர் குனிந்ததும் அவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறார். அடுத்து இவள் குனிந்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பொம்பளப் புள்ளைய இந்தக் கோலத்துல பாக்கவா நான் பொழைச்சு வந்தேன். துணியப் போட்டு மூடு" என்றாராம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு எடுத்துப் போவதுகூட கதிர்தான். இவள் அவர் கண்ணில் படாமல் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

"அவருக்காகத்தான் மிஸ் எடுத்தேன். அவரே பாக்க மாட்டேங்குறப்ப, வெளியில எப்படி மிஸ் வருவேன்?"

எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போர்டு நிறைய எழுதிப் போட்டவள் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பாடம் இல்லை. அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கட்டில் ஓரம்

அப்பா முன் அறையில் படுத்திருந்தார். வாழைத்தார் ஏற்றிப்போன இடத்தில் லாரி இடித்து ரத்தம் ஏகமாகப் போயிருந்தது; தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். "வாங்க டீச்சர். எந்திரிக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"கோகிலா ஸ்கூலுக்கு வரணுங்க. பிராக்டிகல் வருது."

"முடி வளரட்டுங்க. பொறவு வரட்டும்."

"பழையபடி வளர வருஷக்கணக்கா ஆகும். பரீட்சை அதுவரைக்கும் நிக்காதுங்க."

அவர் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்தார்.

"பொறந்தப்பவே தலை நெறைய முடி அதுக்கு. சின்னதுல நான்தான் எண்ணெ வெச்சு விடுவேன். அது அம்மா வெச்சா இழுக்குதுன்னு அழுவும், எங்கிட்டத்தான் வரும். ஊரே சொல்லும் டீச்சர், உன் மக முடியப் பாருன்னு. அது அத்தனையும் என்னால போச்சு. அவ தலையப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைப் பாக்குறது?"

"இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது?"

"அவ வேற மாதிரி நினைச்சுக்கிட்டிருக்கா. அப்பாவுக்கு நம்மளப் புடிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். அப்படி ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கதிரும்தான் முடியக் குடுத்திருக்கான். அவனைப் பாக்க உங்களுக்கு வயிறு எரியலையே?"

"அவன் ஆம்பளப் பய..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

இதற்கு மேல் நான் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. போயிட்டு வரேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு ஆறவேயில்லை. அதிகம் பேசிவிட்டேனோ என்றும் இருந்தது, பேச வேண்டியதைப் பேசாமல் வந்துவிட்டேனோ என்றும் இருந்தது.

வேறொருத்தி நின்ற விழா

ஆண்டு விழா நடந்தது. பன்னீர்த் தட்டை வேறொரு பெண் பிடித்துக்கொண்டு அழகாகவே நின்றாள். அவள் மேல் என்ன தப்பு? விருந்தினர் மேடையில் பெண் கல்வியைப் பற்றி நீளமாகப் பேசினார். கூட்டத்தில் மொட்டைத் தலையோடு கதிர் பெஞ்சு தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினான். அவனை யாரும் மறைந்து நிற்கச் சொல்லவில்லை. எனக்குக் கைதட்ட மனசு வரவில்லை.

கோகிலா அந்த வாரமும் வரவில்லை. ஷஹானா தன் ரெக்கார்டை முடித்த பிறகு, கோகிலாவுடையதற்கும் அட்டை போட்டு என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். "வருவா மிஸ்" என்றாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கேட்டில்

பிராக்டிகல் அன்று காலை. நானும் ஹெச்.எம்.மும் கேட் அருகே நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் கதிர் குதித்து இறங்கி ஒரு வாக்கரைப் பிரித்து வைத்தான். அப்பா அதைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் கோகிலா.

துண்டு இல்லை. தலையில் கறுப்பாகக் கொஞ்சம் முளைத்திருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கையில் ஹால் டிக்கெட்டோடு நின்றாள். ரோட்டில் போகிற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெச்.எம். அவள் தோளைத் தொட்டார். "வந்துட்டியா கண்ணு. தலையில எதையாவது கட்டிக்கிட்டு வந்திருக்கலாமேம்மா. வெளியிலேர்ந்து எக்ஸாமினர் எல்லாம் வராங்க. உனக்குத்தான் கூச்சமா இருக்கும்."

கோகிலாவின் கை தானாகத் துப்பட்டாவுக்குப் போனது.

"வேணாங்க" என்றார் அப்பா.

"அவளுக்காகத்தாங்க சொல்றேன்."

"தெரியுதுங்க. மூடச் சொன்ன மொத ஆளு நான்தான். பெத்தவனே சொல்லிட்டேன். எனக்காகக் குடுத்துட்டு வந்து நிக்குற புள்ளைங்க. இனிமே அதை யாரும் மூடச் சொல்ல வேணாம். அவ அண்ணன் எப்படிப் போறானோ அப்படியே போகட்டும்."

ஹெச்.எம். அவரையே பார்த்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, வாக்கர் நுழைகிற மாதிரி கேட்டை அகலமாகத் திறந்துவிடச் சொன்னார்.

"இல்லைங்க, நான் வரல. இவளைக் கொண்டாந்து விடணும்னுதான் வந்தேன்" என்றார் அவர்.

கோகிலா அவர் முன்னால் போய் நின்று தலையைக் குனிந்தாள். அவருக்கு இரண்டு கையும் வாக்கரில் இருந்தன. எடுத்தால் விழுந்துவிடுவார். ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு அப்படியே குனிந்து, தன் கன்னத்தை அவள் தலைமேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"முடி குத்துதாப்பா?" என்று அவள் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"குத்தட்டும்மா" என்றார். "நீ போ. நேரமாச்சு."